காசுக்குக் கற்பூரம்!

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு 5 ரூபாய்க் காசைக் கொண்டுவந்து காட்டினார். அத்திப்பள்ளிக் கடையொன்றில் சில்லறையாக வந்ததாம். வைஷ்ணோதேவி கோயில் போர்டின் 25-வது ஆண்டு ஞாபகார்த்தமாக இந்திய சர்க்கார் 2012-ல் வெளியிட்ட காசு அது. ‘இது 10 லட்சம் பெறும்’ என்று எவனோ டெலிபோனில் ஆசை காட்டி, பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் சொல்லி, அவரிடமிருந்து 4,000 ரூபாயைக் கறந்துவிட்டான். ஒரு வாரக் கூலிக்கு மேற்பட்ட பணம் போயிற்று, லட்சம் வந்தபாடில்லை. அப்படியிருந்தும் காசு மட்டும் பூஜை மாடத்தில் மஞ்சள் குங்குமத்தோடு வீற்றிருந்ததாம்!

“தோழரே, 10 லட்சம் கொடுக்கப் போகிறவன் அதில் 4,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாமே?” என்று கேட்டோம். “அம்மன் காசாயிற்றே என்று நம்பிவிட்டேன்” என்றார். நம்பிக்கை வந்த இடத்தில் கணக்கு ஓடிப்போய்விடுகிறது. இத்தகைய கட்டணம் எதையும் தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் பாங்கு 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

நிற்க, காசு சேகரிப்பதை நாம் குறை கூறவில்லை. அது நல்ல படிப்பு என்றே சொல்லுவோம். 1964-ல் நேரு காசு முதல், 2009-ல் தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணாதுரை காசு, 2010-ல் தஞ்சைப் பெரிய கோயில் காசு வரை பார்த்தால் சரித்திரம் தெரியும். ஆனால் விலையை நிர்ணயிப்பது காசில் உள்ள தெய்வமல்ல. எத்தனை அடித்தார்கள், எத்தனை தேயாமல் மிஞ்சின, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பவைதான் நிர்ணயிக்கின்றன.

தரம் பார்ப்பதும் மந்திரமல்ல. பூதக்கண்ணாடி வைத்து, சிங்கத்தின் முகம், தலைமயிர் போன்ற மேடான இடங்கள் தேய்ந்திருக்கின்றனவா, விளிம்பு நசுங்கியிருக்கிறதா, அடித்த நாளின் பளபளப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருஷத்தின் கீழே வைரக் குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரமானால் ஹைதராபாத், புள்ளியானால் நொய்டா, ஒன்றுமில்லையானால் கல்கத்தா நாணயசாலையில் அடித்தது. புளி போட்டுத் துலக்கினால் இயற்கைப் பளபளப்பு போய்விடும். குங்குமம் பட்டால் கறை ஏறும். ஆகவே, பூஜை செய்த காசுக்குத்தான் விலை குறைவு! பக்தர்களின் புத்திசாலித்தனம் இதுதானா என்று கேட்கின்றோம்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 5 ரூபாய் 10 லட்சம் பெறும் என்று நம்பியது போலவே, 10 ரூபாய்க் காசு செல்லாது என்ற வதந்தியையும் ஜனங்கள் நம்பினார்கள். அதுவரை வந்த 14 வகையும் செல்லும் என்று ரிசர்வ் பாங்கு 2018 ஜனவரியில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் வேர், பிறர் சொன்னதை யோசியாமல் ஏற்பதே.

தோழர்களே! காசை மாடத்திலிருந்து எடுத்துக் கண்ணாடியின் கீழ் வையுங்கள். கும்பிட்டால் கறைதான் ஏறும். பார்த்தால் அறிவாவது ஏறும்.