எருக்கஞ்செடியை வெட்டச் சொல்லாதீர்கள்

கோவை மக்களுக்கு,

எங்கள் பகுதியிலுள்ள பூங்காவில் தினமும் நடக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் இருக்கிறோம். பூச்சிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர் எங்களில் யாரும் இல்லை.

வேலியோரம் நின்ற எருக்கஞ்செடியைப் புதர் என்று சொல்லி அகற்றக் கேட்டவர்களில் எங்களில் சிலரும் உண்டு. ஒரு நாள் காலையில் ஒரு சிறுமி அதன் இலையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு; முதுகில் முன்னும் நடுவிலும் பின்னுமாக மூன்று ஜோடிக் கறுப்பு இழைகள். எருக்கின் நஞ்சு உடம்பில் தங்குவதால் பறவைகள் இதைத் தவிர்க்கும். அடுத்த வாரம் இலைக்கடியில் வெளிர்பச்சைக் கூடு தொங்கியது. பிறகு ஒரு காலைப்பொழுதில் கூடு வெறுமையாக இருந்தது. பக்கத்திலேயே ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. எருக்கும் அதன் இனச் செடிகளும் இல்லாத இடத்தில் அது முட்டையிடாது.

அன்றிலிருந்து நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறோம். மாசியில் புங்கமரம் இலை கொட்டுவதும் பங்குனியில் தளதளவென்று துளிர்ப்பதும் அதில் இருக்கிறது. துளிர்த்த இலைகளில் விரல் விரலாகப் புடைப்புகள் வந்தபோது மரத்துக்கு நோய் என்று பயந்து மருந்தடிக்கச் சொன்னோம். அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் வேலை. மரம் அதைத் தாங்கிக்கொண்டு வழக்கம்போலப் பூத்தது. ஐப்பசி மழையை ஒட்டி, கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுபோட்ட வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் கிழக்கே திரும்புகின்றன. இந்தப் பயணப் பாதையில் இருக்கும் ஊர் நம்முடையது. வழியில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியைக் கண்டால் அவை மொய்த்துக்கொள்ளும். ஆண் பூச்சிகள் இணை சேரத் தேவையான வேதிப்பொருளை அதிலிருந்து உறிஞ்சுகின்றன. நாம் களை என்று பிடுங்கிப்போடுவது அதைத்தான்.

சித்திரைக் கனிக்குப் பூக்க வேண்டிய சரக்கொன்றை சில ஆண்டுகளில் முன்கூட்டியே பூத்து உதிர்ந்துவிடுகிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நினைவை மட்டும் வைத்து அதை உறுதிசெய்ய முடியாது. வாராவாரம் ஒரே மரத்தின் இலை, பூ, காயைப் பார்த்துப் பதியும் 'சீசன்வாட்ச்' திட்டம் நம் நாட்டில் 2010 முதல் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் பதிகிறார்கள்; நம்மாலும் முடியும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். வேலியோரத்து எருக்கையும் கிலுகிலுப்பையையும் விட்டுவையுங்கள். சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே குவிக்கச் சொல்லுங்கள். ஒரு புழுவைக் கண்டதும் மருந்து கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரே ஒரு மரத்தை உங்களுடையதாக வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் பத்து நிமிடம் அதன் அடியில் நில்லுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.