30 நாளில் முதுகு நேராகுமா? ஸ்கோலியோசிஸ் ரீல்ஸ் சொல்லாத விஷயம்

இன்ஸ்டாவில் 'ஸ்கோலியோசிஸ்' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு அதே ரீல்ஸ்தான் வரிசைகட்டும். இடது பக்கம் கோணலான முதுகு, வலது பக்கம் நிமிர்ந்த முதுகு, கீழே ஆன்லைன் கோர்ஸ் லிங்க். 'முப்பதே நாளில் நேராகும்!'

பிசியோதெரபியால் ஸ்கோலியோசிஸுக்குப் பலன் இருக்கா? இருக்கு. ஆனால், அது ரீல்ஸ் சொல்கிற பலன் இல்லை.

போட்டோவை ஏன் நம்பக்கூடாது?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகிக்கொள்வதுதான் ஸ்கோலியோசிஸ். வளைவை எக்ஸ்-ரேயில்தான் அளப்பார்கள். 'காப் கோணம்' எனப்படும் அந்த அளவு 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ். வளரிளம் பருவத்தினரில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானோருக்குக் காரணம் தெரியாது. ஸ்கூல் பேக்கோ, லேப்டாப் முன்னால் கூன் போட்டு உட்காருவதோ இதை உண்டாக்குவதில்லை. (ஆபீஸ் சேரைச் சந்தேகப்பட்டவர்கள் கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகலாம். நானும்தான்.)

ஒரே எக்ஸ்-ரேயை இரண்டு முறை அளந்தாலே சுமார் 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். அதனால் அதற்குள் ஏறினாலும் இறங்கினாலும் டாக்டர்கள் அதைப் பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. போட்டோவில் இந்தக் கோணமே தெரியாது. கொஞ்சம் விறைப்பாக நின்றால் போதும், 'ஆஃப்டர்' போட்டோ ரெடி.

அப்போ பயிற்சி என்னதான் செய்யும்?

இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் 'ஷ்ரோத்' முறையைத் தொடங்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கத்தரினா ஷ்ரோத். தனக்கே ஸ்கோலியோசிஸ் இருந்த அவர், 1921-ல் மைசன் நகரத்தில் மற்றவர்களுக்குச் சிகிச்சை தர ஆரம்பித்தார். கண்ணாடி பார்த்து உடம்பைச் சரிசெய்துகொண்டு, உள்வாங்கிக் கிடக்கும் விலாப் பகுதிக்குள் மூச்சை நிரப்புவது இதன் அடிப்படை. ஒவ்வொருவரின் வளைவுக்கும் பயிற்சி மாறும். வலது பக்க வளைவுக்கானதை இடது பக்க வளைவு உள்ளவர் செய்து பயனில்லை. எல்லோருக்கும் ஒரே வீடியோ என்பது இங்கேயே அடிபடுகிறது.

2016-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், 10 முதல் 18 வயதுள்ள 50 பேரில் ஒரு பாதிக்கு மட்டும் வழக்கமான கவனிப்போடு ஷ்ரோத் பயிற்சியும் தந்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் சராசரியாக 3.5 டிகிரி. அவ்ளோதானா? அவ்ளோதான். ஆனால், பயிற்சி செய்யாதவர்களின் வளைவு அந்த ஆறு மாதத்தில் கூடியிருந்தது. நிமிர்த்துவதைவிட, மேலும் வளையவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் முக்கியமான வேலை.

இதற்கு நேரக் கணக்கு உண்டு. வளரும் எலும்பில் அழுத்தம் விழும் பக்கம் மெதுவாக வளரும், மறுபக்கம் வேகமாக வளரும். அதனால் வளைவே வளைவை வளர்க்கிறது. பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும் பின்னும் பெண் குழந்தைகள் கிடுகிடுவென உயரும் மாதங்கள்தான் ஆபத்தானவை. அந்த நேரத்தில் ஆன்லைன் கோர்ஸில் ஆறு மாதம் போனால், திரும்பக் கிடைக்காது.

வளைவு 25 டிகிரியைத் தாண்டி, வளர்ச்சியும் மிச்சம் இருந்தால் பயிற்சி மட்டும் போதாது, பிரேஸ் தேவைப்படும். 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாதவர்களில் 48 சதவீதம். தினமும் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் 13 மணி நேரம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும்.

யார் கவனிக்கிறார்கள்?

பெரும்பாலும் வலி இருக்காது. பத்து வயதுக்கு மேல் மகளின் வெற்று முதுகைப் பெற்றோர் பார்ப்பதும் குறைவு. 'ஒரு தோள் ஏறியிருக்கே' என்று அளவெடுக்கும் டெய்லர் சொல்லித் தெரியவந்தால்கூட ஆச்சரியமில்லை. ஜப்பானில் 1970-களின் இறுதியிலிருந்தே பள்ளிகளில் இதற்குப் பரிசோதனை நடக்கிறது. நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே சிறார் நலத் திட்டம் 30 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. வளைபாதம் இருந்தது, ஸ்கோலியோசிஸ் இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிப்பது அவசியமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை என்பதும் உண்மை. போதுமான ஆதாரம் இல்லை என்று 2018-ல் சொன்னது அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு. என்னைக் கேட்டால், பி.டி. பீரியடில் ஒரு நிமிடம் குனியச் சொல்லிப் பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வயது 25 தாண்டியவர்களுக்கு?

வளர்ச்சி நின்றபோது 30 டிகிரிக்குள் இருந்த வளைவு பொதுவாகப் பெரிதாகக் கூடுவதில்லை. இந்த வயதில் பயிற்சி செய்வது வலியைக் குறைக்கவும் தசைக்குப் பலம் சேர்க்கவும்தான், கோணத்தை மாற்ற அல்ல. உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு. முதுகையும் இடுப்பையும் பலப்படுத்தித்தான் அவர் ஓடினார்.

வீட்டில் பிள்ளை இருந்தால், பாதங்களைச் சேர்த்துவைத்து, கைகளைத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? அப்படியென்றால் முதலில் எலும்பு மருத்துவர், அப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட். எக்ஸ்-ரேயைப் பார்க்காமலே முதல் நாளே பயிற்சியை ஆரம்பித்தால், 'எந்தப் பக்க வளைவுக்கு இது?' என்று கேட்டுப் பாருங்கள்.