ஜெபம் என்ன கம்ப்ளெய்ண்ட் டிக்கெட்டா?

"ஜெபத்துல உறுதியா இருந்தா எதிர்ப்பெல்லாம் பஞ்சாப் பறந்துடும். எதிர்ப்பு தொடர்ந்தா உங்க விசுவாசம் பத்தலைன்னு அர்த்தம்."

மைக் பிடிச்சு இதைச் சொல்றவங்களை நீங்களும் கேட்டிருப்பீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சரின்னா, ஜப்பானில் இருநூறு வருஷத்துக்கு மேல ஒளிஞ்சு ஒளிஞ்சு ஜெபிச்ச ஒரு கூட்டத்தையே விசுவாசம் இல்லாதவங்கன்னு தள்ளணும். என்னால முடியாதுங்க.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். நம்ம முத்துக்குளித்துறையில் பரவர் மக்களோட வேலை செஞ்ச அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல் ககோஷிமாவில் போய் இறங்கினார். விசுவாசம் பரவியது. எதிர்ப்பும் கூடவே வந்தது. 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். 1614-ல் தோகுகாவா அரசு நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. 1644-ல் தலைமறைவாக இருந்த கடைசி குருவானவரும் கொல்லப்பட்டார்.

அப்புறம் 'ஃபுமி-ஏ'ன்னு ஒண்ணு. இயேசு அல்லது மரியாள் உருவம் பதித்த பலகை. நாகசாகியில் வருஷாவருஷம் புத்தாண்டு சமயத்தில் ஜனங்க வரிசையா வந்து அதை மிதிக்கணும். மறுத்தால் சிறை, சித்திரவதை, சாவு.

பலர் மறுத்துச் செத்தார்கள். பலர் மிதித்தார்கள். மிதிச்சவங்க வீட்டுக்கு வந்து 'கொஞ்சிரிசான்' சொன்னாங்க. நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் சொல்ற உத்தம மனஸ்தாப மந்திரம் மாதிரி. பாவசங்கீர்த்தனம் கேக்க ஒரு சாமியார்கூட இல்லாத ஊரில், அவங்களால செய்ய முடிஞ்சது அதுதான்.

"மறுதலிச்சவன் மறுதலிச்சவன்தானே?" என்பார்கள். சரி, அப்போ சேவல் கூவறதுக்குள்ள மூணு தடவை மறுதலிச்ச பேதுருவை என்ன செய்யலாம்? ஃபேனுக்கு அடியில் உக்காந்துகிட்டு அந்த வரிசையில் நின்னவங்களுக்குத் தீர்ப்பு சொல்றது ரொம்ப சுலபம்.

ஞானஸ்நானம் கொடுக்க ஒரு ஆள், திருநாள் கணக்குப் பார்க்க ஒரு ஆள்னு ஊருக்குள்ளயே பிரிச்சுகிட்டாங்க. கன்னோன் சிலையை மரியாளா நினைச்சு அது முன்னால ஜெபிச்சாங்க. ஜெபத்துக்குப் பேர் 'ஓராஷோ', லத்தீன் சொல்லோட திரிபு. வாய்வழியா வந்ததில் லத்தீன் வார்த்தைகள் பல அர்த்தமே புரியாத அளவுக்கு உருமாறிப் போச்சு. ஆனாலும் விடலை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, அது தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதுசா கட்டின தேவாலயத்துக்கு உராக்காமி கிராமத்து ஜனங்க கொஞ்சம் பேர் வந்தாங்க. பெத்திஜான் என்ற பிரெஞ்சு குருவானவரிடம் ஒரு பெண் மெதுவா, எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான்னு சொல்லி, மரியாள் சுரூபம் எங்கேன்னு கேட்டாள்.

மைக் கட்சி இங்கே "அல்லேலூயா" சொல்லி முடிச்சிடும். ஆனா கதை முடியலை. 1867-ல் கைது ஆரம்பம். உராக்காமி ஜனங்க 3,000 பேருக்கு மேல் ஊரைவிட்டே துரத்தி, பல பகுதிகளுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். 600 பேருக்கு மேல் திரும்பி வரவே இல்லை. 1873-ல்தான் தடை அறிவிப்புப் பலகைகளை எடுத்தார்கள். திரும்பி வந்தவங்க, எந்த ஊர்த்தலைவர் வீட்டில் தங்களை மிதிக்க வெச்சாங்களோ அந்த இடத்தையே வாங்கிக் கோயில் கட்டினாங்க. 1945 ஆகஸ்ட் 9, அந்தக் கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் அணுகுண்டு வெடித்தது. பங்குமக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1959-ல் மறுபடி கட்டினாங்க.

இப்ப சொல்லுங்க, இவங்க ஜெபம் 'பலிச்சுதா'? டிக்கெட் போட்டோம், இன்னும் க்ளோஸ் ஆகலையேன்னு கேக்கற கணக்கில் பார்த்தா படுதோல்வி. அந்தக் கணக்கே தப்பு. ஜெபத்தில் உண்மையா இருக்கறதுன்னா ஜெயிக்கறது இல்லை, நிறுத்தாம இருக்கறது.

இது ஜப்பானோட போற விஷயமும் இல்லை. புகுந்த வீட்டில் வாய்விட்டு ஜெபிக்க முடியாம, அடுப்படியில் நின்னு மனசுக்குள்ளயே ஜெபிக்கிற பெண்கள் நம்ம ஊர்ல இருக்காங்க. வருஷக்கணக்கா எதுவும் மாறலை. அந்தப் பெண்கிட்ட போய் "உனக்கு விசுவாசம் பத்தலைம்மா"ன்னு சொல்றீங்களே, அவ வீட்டுக்காரங்க செய்யறதைவிட அதுதாங்க பெரிய எதிர்ப்பு.