இதர பொருள்கள்

மூன்று வருடம் ஒருவழியாக முடிந்தது. சபை ஆயர் வேலையோடு சேர்த்து, மேலிடத்துச் செயற்குழுவிலும் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். போன மாதம் வழியனுப்பி வைத்தார்கள், பொன்னாடையோடு. பீரோவைத் திறந்தால் இப்போது பதினொரு பொன்னாடை காலில் விழுகிறது. போர்த்திக்கொண்டு தூங்க முடியாது, தலை துவட்டவும் ஆகாது. ஆயரம்மா எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் விசாரித்துவிட்டாள், அவரும் வேண்டாம் என்கிறாராம்.

எந்தத் திருச்சபைப் பிரிவு என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி. எங்கள் ஊர் டீக்கடைக்காரருக்கு அந்தச் சந்தேகமே இல்லை, அங்கி போட்ட எல்லோரும் அவருக்கு ‘ஃபாதர்’. “நான் ஃபாதர் இல்லைங்க, எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு” என்றால், “அப்ப ஃபாதர்தானே?” என்பார்.

கூட்டம் உள்ள நாளில் காலை ஆறரைக்கே கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏற வேண்டும். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று நின்று நின்று மூர் மார்க்கெட் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். எதிர் இருக்கையில் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கி வருவார்கள். காலர் மடிப்பில் கரி. நான் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு அஜெண்டா படிப்பேன். 1: ஆரம்ப ஜெபம். 2: சென்ற கூட்ட மினிட்ஸ். பிறகு குத்தகை நிலம், வாடகை பாக்கி, நிலுவை வழக்கு, வக்கீல் ஃபீஸ், இடமாற்றம், வாக்காளர் பட்டியல், வாக்காளர் பட்டியல் மீதான ஆட்சேபம். கடைசியில், 17: இதர பொருள்கள், தலைவர் அனுமதியுடன்.

அந்தப் பதினேழில்தான் என் பொருள் இருந்தது.

விஷயம் சின்னது. எங்கள் ஆராதனை ஞாயிறு காலை ஒன்பதுக்கு. கும்மிடிப்பூண்டியில் உருக்காலை அடுப்புக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது, எரிந்துகொண்டே இருக்கும். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டமே, முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று விடுப்பு கொடுத்தால் ஞாயிறும் வேலை வாங்கலாம் என்று வழி வைத்தது. ஒருநாள் பதினொன்றரைக்கு உபதேசியார் கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான். ஒடிசா, சுந்தர்கட் பக்கம். கையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் கான்ட்ராக்ட் கம்பெனி அடையாள அட்டை, அட்டைக்குப் பின்னால் சொருகிய சின்னச் சிலுவை. பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“பாஸ்டர்ஜி, ராத்திரி சர்ச் இல்லையா?”

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் இங்கே தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. எட்டரைக்கு ஓர் ஆராதனை வைத்தால் வருவார்கள். இவ்வளவுதான் விஷயம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பேசிச் சொல்றேன்பா.”

பேசினேன். முதல் கூட்டத்தில் பதினேழுக்கு வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இரண்டாவதில் உபகுழு அமைத்தார்கள். மூன்றாவதில் கரண்ட் பில் எந்தக் கணக்கில் போகும் என்று கேட்டார்கள். நான்காவதில், இந்தியில் ஆராதனை நடத்தினால் மொழிப் பிரச்சினை வருமே என்று ஒருவர் கவலைப்பட்டார். அவசரப்பட்டுக் குரல் உயர்த்திவிட்டேன். மூத்தவர் ஒருவர் தோளைத் தட்டி, “ஐயரே, தரங்கம்பாடியில 1919-ல பேச ஆரம்பிச்சு 1947 செப்டம்பர் 27-லதான் தென்னிந்தியத் திருச்சபையே உருவாச்சு. 28 வருஷம். உங்க ராத்திரி ஆராதனைக்கு என்ன அவசரம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த ஐக்கியத்துக்காகப் பாடுபட்ட பேராயர் அஸரியா, அது கைகூடுவதைப் பார்க்காமலே 1945-ல் கண்மூடினார் என்பது ரயிலில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்தாவது கூட்டத்தில் கோரம் இல்லை. ஆறாவதில் தேர்தல் வந்துவிட்டது.

இதற்கிடையில் என் சபை என்ன ஆனது? கல்யாண ஓலையை உபதேசியார் வாசித்தார். திடப்படுத்தல் வகுப்பை ஆயரம்மா எடுத்தாள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு பாட்டி இருந்தார். பார்க்கும்போதெல்லாம், “என்னைப் புதைக்கிறதுக்கு நீங்கள்தான் வர வேணும்” என்பார். அவர் இறந்த அன்று நான் சென்னையில், கல்லறைத் தோட்டத்துக் காம்பவுண்டு சுவர் எஸ்டிமேட்டை விவாதித்துக்கொண்டிருந்தேன். போன் சைலன்ட்டில். பக்கத்துச் சேகர ஆயர் போய் அடக்கம் செய்தார். மறுநாள் ஓடிப்போய் நின்றேன். பேரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “பரவாயில்லை ஐயா, நீங்கள் பெரிய வேலையிலே இருந்தனீங்கள்.”

குத்திச் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. உண்மையாகவே நம்பிச் சொன்னான். சுவருக்கு உயரம் ஐந்தடியா ஆறடியா என்பது பெரிய வேலை. அந்தச் சுவருக்குள் கிழவியைக் கொண்டுபோய் வைப்பது, யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

லெஸ்லி நியூபிகின் என்று ஒருவர் இருந்தார். 1947-ல் அதே செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் பெற்றவர்களில் ஒருவர். முதலில் மதுரை-இராமநாதபுரம், பிறகு 1965 முதல் 1974 வரை சென்னை. ஓய்வு பெற்றதும் மனைவியோடு இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி இறங்கித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கேயும் விடவில்லை, 1978-ல் ஒரு திருச்சபைக்கே மாடரேட்டர் ஆக்கினார்கள். அதெல்லாம் முடிந்து எழுபது வயதில் அவர் கேட்டு வாங்கியது என்ன? பர்மிங்காமில் வின்சன் கிரீன் என்ற ஏழைப் பேட்டையில், சிறைச்சாலை வாசலுக்கு எதிரே, மூடிவிடலாம் என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு சின்னச் சபை. அங்கே ஆயராக வருடக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார். அவருடைய சுயசரிதைக்கு ‘முடியாத அஜெண்டா’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவர் அஜெண்டாவில் இதர பொருள் என்று தனியாக ஒன்று இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம்மிடம் அப்படி ஒருவர் இறங்கி வந்தால் என்ன சொல்வோம்? “என்ன தப்பு பண்ணாரோ, தூக்கிப் போட்டுட்டாங்க” என்போம். கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் என்பதே எங்கள் வட்டாரத்தில் தண்டனைப் பட்டியலில் இருக்கிறது. புகை, லாரி, தண்ணீரில் உப்பு, சந்தா வசூல் குறைவு. எனக்கு நாற்காலி கிடைத்தபோது சகஊழியர் ஒருவர் வாழ்த்தியதே, “இனி உங்களுக்கு சிட்டி சபை கிடைக்கும்” என்றுதான். மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை. மற்றவர்களைக் குறை சொல்லி எழுத உட்கார்ந்தால், பேனா என் பக்கமே திரும்புகிறது.

பதவி முடிந்த முதல் ஞாயிறு உபதேசியாரிடம், “சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரவு எட்டரைக்குத் திறந்தேன். இரண்டு டியூப்லைட், மூன்று ஃபேன். ஒன்பது பேர் வந்தார்கள். குளித்துத் தலை சீவி, ஈரம் காயாமல். தாளம் தட்ட ஒருவன் காலி பெயின்ட் வாளியை எடுத்து வந்திருந்தான். பாட்டில் ‘யேசு’ தவிர எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. உபகுழு, கரண்ட் கணக்கு, மொழிப் பிரச்சினை எதுவும் குறுக்கே வரவில்லை. மூன்று வருடமாக அனுமதி கேட்டுக் கேட்டு நான் அலைந்த வேலைக்கு ஒரு சாவிதான் தேவைப்பட்டது. அது என் வீட்டிலிருந்து நாற்பது அடியில், உபதேசியார் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கேட்ட பையனைத் தேடினேன். கான்ட்ராக்டர் மாறி, ஒரகடம் பக்கம் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

நேற்று போன் வந்தது. “ஐயா, அடுத்த முறைக்கும் நீங்க நிக்கணும்னு பேசிக்கிறாங்க. பெயரைப் போடலாமா?”

“பேசிச் சொல்றேன்” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.