யாருடைய தோல் மனிதத் தோல்?

ஆய்வகத்தில் வளர்த்த தோலை ‘மனிதத் தோல்’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். எந்த மனிதரின் தோல்? அமெரிக்காவின் மாட்டெக் நிறுவனத்தின் ‘எபிடெர்ம்’, பிறந்த ஆண் குழந்தைகளுக்கு நீக்கப்படும் முன்தோலின் செல்களிலிருந்து வளர்வது. லோரியல் குழுமத்தின் ‘எபிஸ்கின்’, பிளாஸ்டிக் சர்ஜரியில் வெட்டி எடுத்த மார்பகத் தோலிலிருந்து, கொடுப்பவரின் சம்மதத்தோடு பெறப்பட்டு, பிரான்சின் லியோன் நகரில் வளர்கிறது.

இந்தத் தோலின் மேற்புறத்தைக் காற்றுபட வைத்து, அடியிலிருந்து ஊட்டத் திரவம் கொடுத்து, மேலே பாக்டீரியாவை இட்டு ஆராய்கிறார்கள். எது தோலைக் காக்கிறது, எது புண்ணாக்குகிறது என்று பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். முயலின் கண்ணிலும் தோலிலும் ரசாயனம் இட்டுப் பார்த்த 1944ஆம் ஆண்டின் டிரெய்ஸ் சோதனைக்குத் திரும்பச் சொல்லி நாம் கேட்கவில்லை.

ஆனால் வழக்கமான இந்த மாதிரிகளில் வியர்வைச் சுரப்பி இல்லை, எண்ணெய்ச் சுரப்பி இல்லை, மயிர்க்கால் இல்லை. இந்தத் தோலுக்கு மாதவிடாய் வருவதில்லை. அது கர்ப்பமாவதில்லை. அதற்கு மாதவிடாய் நிற்பதுமில்லை. முகப்பருவோடு சேர்த்துப் பேசப்படும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ், மயிர்க்காலுக்குள் எண்ணெயை உண்டு வாழ்வது. அந்த எண்ணெய்ச் சுரப்பை ஹார்மோன்கள் ஆள்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து தோல் மெலிந்து உலர்கிறது. ஹார்மோனை வெளியே நிறுத்திவிட்டு பாக்டீரியாவைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

‘மாதிரி என்றால் எளிமையாகத்தான் இருக்கும்’ என்பார்கள். இருக்கட்டும். எதைக் குறைப்பது என்று முடிவு செய்தது யார்? ஹார்மோன் ஏற்ற இறக்கம் தரவைக் குழப்பும் என்று சொல்லிப் பெண் எலியைக்கூட ஒதுக்கிய வரலாறு அறிவியலுக்கு உண்டு. விலங்கு, மனித ஆய்வுகளில் ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் நடைமுறைப்படுத்தியதே 2016இல்தான்.

மார்பின் அடியில் வியர்வை தேங்கிச் சிவக்கும் மடிப்பு, நாப்கின் உரசிப் புண்ணாகும் தொடை, நாள் முழுக்கப் பாத்திரம் கழுவி வெடித்த கை. இங்கெல்லாம் பாக்டீரியா வாழ்கிறது. இந்தத் தோல்களையும் வளருங்கள். ஊட்டத் திரவத்தில் ஹார்மோனைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். செல்லைக் கொடுத்தவர் ஆணா பெண்ணா, வயது என்ன, உடலின் எந்த இடம் என்று ஒவ்வொரு ஆய்வறிக்கையிலும் எழுதுங்கள். அதுவரை, ‘தோலின் நுண்ணுயிர்களுக்கு உகந்தது’ என்று நம்மிடம் கிரீம் விற்க வருகிறவர்களிடம் நாம் கேட்போம்: யார் தோலில் பார்த்தீர்கள்?