உலகக் கிச்சன்: ரொட்டியில்தான் இருக்கு ரகசியம்... நியூ ஆர்லியன்ஸ் ‘போ பாய்’ சாண்ட்விச்!

‘சாண்ட்விச்தானே... ரெண்டு ரொட்டித் துண்டு, நடுவில் ஏதாவது வெச்சா முடிஞ்சது’ என்று நினைப்பவர்கள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அதைச் சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். அந்த ஊர் ஆட்களிடம் ‘போ பாய்’ சாண்ட்விச் பற்றிக் கேட்டால், உள்ளே வைக்கும் இறாலைப் பற்றியோ மாட்டிறைச்சியைப் பற்றியோ முதலில் பேச மாட்டார்கள். ‘ரொட்டி எந்த பேக்கரி?’ என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த சாண்ட்விச்சின் கதையே ஒரு ரொட்டியின் கதைதான்.

டிராம் நின்ற நாள்கள்

1929-ம் வருடம், ஜூலை 1. நியூ ஆர்லியன்ஸில் டிராம் ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாள்கள் வாரங்களாகி, வாரங்கள் மாதங்களாகின. சம்பளம் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாத நிலை.

அந்த ஊரின் பிரெஞ்ச் மார்க்கெட் பகுதியில் பென்னி, க்ளோவிஸ் என்ற மார்ட்டின் சகோதரர்கள் 1922 முதல் ஒரு காபிக் கடையும் உணவகமும் நடத்திவந்தார்கள். கடை வைப்பதற்கு முன்பு அவர்களும் டிராம் ஊழியர்கள்தான். பழைய தோழர்கள் பட்டினி கிடப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ‘தொழிற்சங்க உறுப்பினர் யார் வந்தாலும் எங்கள் கடையில் சாப்பாடு இலவசம்’ என்று சங்கத்துக்குக் கடிதமே எழுதிக் கொடுத்தார்கள்.

வேலைநிறுத்தக்காரர் ஒருவர் கடைப்பக்கம் வருவதைப் பார்த்தாலே, ‘இதோ இன்னொரு புவர் பாய் வர்றார்’ என்று உள்ளே குரல் கொடுப்பார்களாம். ‘பாவப்பட்ட பையன்’ என்று அர்த்தம். அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் ‘புவர் பாய்’ சுருங்கி ‘போ பாய்’ ஆனது. பெயர் வந்த கதையாக பென்னி மார்ட்டின் பிற்காலத்தில் சொன்னது இதுதான். ரொட்டிக்குள் வறுத்த சிப்பி வைத்துச் சாப்பிடும் பழக்கம் அந்த ஊரில் அதற்கு முன்பே உண்டு. ஆனால், ‘போ பாய்’ என்ற பெயர் ஊர் முழுக்க நிலைத்தது இந்தக் கடையால்தான்.

நுனித் துண்டு யாருக்கு?

இலவசமாகக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. வழக்கமான பிரெஞ்ச் ரொட்டி நடுவில் தடிமனாகவும் இரண்டு நுனியிலும் கூராகவும் இருக்கும். அதை வெட்டிக் கொடுத்தால் ஒருவருக்குப் பெரிய துண்டு, இன்னொருவருக்கு நுனித் துண்டு. பசியோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவில் இது சின்ன விஷயமா என்ன?

மார்ட்டின் சகோதரர்கள் ஜான் ஜெண்டூசா என்ற பேக்கரிக்காரரிடம் போனார்கள். அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலத்தில், கிட்டத்தட்ட 40 அங்குல நீளத்தில் ரொட்டி செய்து கொடுத்தார். அதாவது, மூன்றேகால் அடிக்கும் மேல்! எங்கே வெட்டினாலும் ஒரே அளவு. பாதி ரொட்டியில் 20 அங்குல சாண்ட்விச். ஒரு குடும்பமே பசியாறலாம்.

இன்றைக்கும் போ பாய் ரொட்டி நுனி கூராகாமல், உருளையாக இருப்பதன் காரணம் இதுதான்.

அந்த ரொட்டியில் அப்படி என்ன?

மேல்தோல் அப்பளம்போல மெல்லியதாக, தொட்டாலே நொறுங்கும். உள்பக்கம் பஞ்சுபோல காற்றோட்டமாக இருக்கும். கடித்தவுடன் அறுபட வேண்டும். பல்லால் இழுக்கக் கூடாது. நல்ல போ பாய் சாப்பிட்டு எழுந்தால் மேஜை முழுக்க ரொட்டித் தூள் கிடக்கும். அது குறை இல்லை, அடையாளம்.

பாரிஸ் பாணி பகெட் ரொட்டி இதற்குச் சரிப்படாது. அதன் தோல் தடிமன். கடிக்கும்போது வாயின் மேல்பகுதி கீறும். அழுத்தத்தில் உள்ளே இருக்கும் இறால் எல்லாம் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். மிருதுவான பன் வகையும் ஆகாது. கிரேவி பட்டதும் ஊறிக் கூழாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நியூ ஆர்லியன்ஸ் ரொட்டி.

ஜெர்மனியிலிருந்து வந்த ஜார்ஜ் லைடன்ஹைமர் 1896-ல் தொடங்கிய பேக்கரிதான் இன்றும் அந்த ஊரின் பல கடைகளுக்கு ரொட்டி கொடுக்கிறது. பெயர் ‘பிரெஞ்ச் ரொட்டி’, சுடுவது ஜெர்மன் குடும்பம், அதை மாற்றி அமைத்த ஜெண்டூசா இத்தாலியப் பெயர்க்காரர். ஊரின் சரித்திரமே ஒரு ரொட்டியில் அடங்கிவிடுகிறது.

கதை அதோடு நிற்கவில்லை. 1975-க்குப் பிறகு வியட்நாம் அகதிகள் பலர் நியூ ஆர்லியன்ஸில் குடியேறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் வியட்நாமுக்குப் போன ரொட்டி, அங்கே ‘பான் மி’ என்ற சாண்ட்விச்சாக மாறியிருந்தது. மெல்லிய தோல், லேசான உள்பகுதி என அதுவும் போ பாய் ரொட்டிக்கு நெருங்கிய சொந்தம். அந்த ஊரில் பான் மி-யை ‘வியட்நாம் போ பாய்’ என்றே அழைக்கிறார்கள். 1982-ல் தொடங்கிய டாங் ஃபுவாங் என்ற வியட்நாமிய பேக்கரி, இப்போது போ பாய் கடைகளுக்கும் ரொட்டி கொடுக்கிறது. 2018-ல் அதற்கு ‘ஜேம்ஸ் பியர்ட்’ விருதும் கிடைத்தது.

வெள்ளத்துக்குப் பிறகு...

2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல். கரைகள் உடைந்து நகரத்தின் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கியது. லட்சக்கணக்கானவர்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று வெளியூர்களுக்குப் போனார்கள். இறால் எந்த ஊரிலும் கிடைக்கும், தக்காளி கிடைக்கும். அந்த ரொட்டிக்கு எங்கே போவது? 1911-ல் தொடங்கிய ‘பார்க்வே’ என்ற பிரபலமான போ பாய் கடையிலும் வெள்ளம் புகுந்தது. சில மாதங்களில் கடையைத் திரும்பத் திறந்தார்கள். 2007-ல் ஓக் ஸ்ட்ரீட்டில் போ பாயைப் பாதுகாக்க வேண்டும் என்றே ஒரு திருவிழாவும் தொடங்கியது.

கடையில் ரொட்டி தேடுபவர்களுக்கு...

* அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் பக்கத்தில் உள்ள வியட்நாமிய பேக்கரியில் பான் மி ரொட்டி கேளுங்கள். அதுதான் மிக நெருக்கமான மாற்று.

* நம் ஊரில் என்றால், பிரெஞ்ச் ரொட்டிகளில் தோல் மெல்லியதாக, கையில் எடுத்தால் எடையே தெரியாததாகப் பார்த்து வாங்குங்கள்.

* லேசாக அழுத்திப் பாருங்கள். ‘கரகர’வென்று சத்தம் வந்து, உள்ளே அமுங்கினால் நல்ல ரொட்டி. கட்டைபோல இருந்தால் வேண்டாம்.

* சுட்ட அன்றே பயன்படுத்துங்கள். கொழுப்பு குறைவான ரொட்டி என்பதால் மறுநாளே காய்ந்துவிடும். மிச்சமானால் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் செய்வதுபோல ‘பிரெட் புட்டிங்’ செய்துவிடலாம்.

வீட்டிலேயே ரொட்டி (3 ரொட்டிகள்)

தேவையானவை: மைதா - 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் - 310 மி.லி., இன்ஸ்டன்ட் ஈஸ்ட் - 7 கிராம், சர்க்கரை - 2 டீஸ்பூன், உப்பு - 9 கிராம், எண்ணெய் - 20 மி.லி.

எல்லாவற்றையும் கலந்து 10 நிமிடங்கள் நன்றாகப் பிசையுங்கள். மாவு வழவழப்பானதும் மூடிவைத்து, இரண்டு மடங்காக உப்பும் வரை சுமார் ஒரு மணி நேரம் விடுங்கள். மூன்றாகப் பிரித்து, 25 செ.மீ. நீள உருளைகளாக உருட்டுங்கள். நுனியைக் கூராக்கிவிடாதீர்கள். மீண்டும் 45 நிமிடங்கள் மூடிவையுங்கள்.

அவனை 220 டிகிரி செல்சியஸில் சூடாக்கும்போதே, கீழ்த்தட்டில் ஓர் உலோகத் தட்டையும் வைத்துவிடுங்கள். மாவின் மேல் ஒரு நீளக் கீறல் போட்டு உள்ளே வைத்ததும், அந்தச் சூடான தட்டில் அரை கப் வெந்நீர் ஊற்றி உடனே மூடுங்கள். கதவுக் கண்ணாடியில் தண்ணீர் தெறிக்காமல் கவனமாக ஊற்ற வேண்டும். இந்த நீராவிதான் மெல்லிய, நொறுங்கும் தோலைக் கொடுக்கிறது. சுமார் 20 நிமிடங்களில் பொன்னிறமாகிவிடும். முழுக்க ஆறிய பிறகே வெட்டுங்கள்.

இறால் போ பாய் (2 பேருக்கு)

தேவையானவை: சுத்தம் செய்த இறால் - 300 கிராம், கெட்டி மோர் - அரை கப், மைதா - அரை கப், மஞ்சள் மக்காச்சோள மாவு - அரை கப் (வெள்ளை கார்ன்ஃப்ளார் அல்ல), மிளகாய்த்தூள் - 1 டீஸ்பூன், மிளகுத்தூள் - அரை டீஸ்பூன், பூண்டுப் பொடி - அரை டீஸ்பூன், உப்பு, பொரிக்க எண்ணெய்.

இறாலை உப்பு சேர்த்த மோரில் 20 நிமிடங்கள் ஊறவிடுங்கள். மாவுகளையும் பொடிகளையும் கலந்து, அதில் இறாலைப் புரட்டி, சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 2 நிமிடங்கள் பொரித்தெடுங்கள். அதிக நேரம் விட்டால் ரப்பராகிவிடும்.

ரொட்டியை அவனில் 4 நிமிடங்கள் சூடாக்கி, பக்கவாட்டில் கீறி, இருபுறமும் மயோனைஸ் தடவுங்கள். பொடியாக நறுக்கிய லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி வையுங்கள். இவை நாலும் சேர்ந்தால் அந்த ஊர் பாஷையில் ‘டிரெஸ்டு’. கடையில் ‘டிரெஸ்டா?’ என்று கேட்டால், இவையெல்லாம் வேண்டுமா என்று அர்த்தம். மேலே சூடான இறாலை அடுக்கி, காரமான சாஸ் நாலு சொட்டு விட்டு மூடினால் போ பாய் தயார்.

சைவர்களுக்கு... உருளைக்கிழங்கு போ பாய் அந்த ஊரிலேயே பழைய ஐட்டம்தான். கையில் காசில்லாதவர்களின் சாப்பாடு அது. அங்கே ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் மேல் மாட்டிறைச்சி கிரேவி ஊற்றுவார்கள். நீங்கள் காளான் கிரேவி ஊற்றிக்கொள்ளலாம்.

செய்து முடித்ததும் ஒன்றே ஒன்று. ரொட்டியை ஒரே அளவாக வெட்டுங்கள். நுனித் துண்டு யாருக்கும் போகக் கூடாது என்றுதானே ஜெண்டூசா அந்த ரொட்டியின் வடிவத்தையே மாற்றினார்!