ஒட்டாத படத்துக்குத்தான் மதிப்பா?

"பழைய தீப்பெட்டிப் படம் இருந்தால் எடுத்து வையுங்கள், நல்ல விலை போகும்" என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் செல்போனைத் திறந்து விலையையே காட்டுகிறார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வருகிறது. படத்தில் மடிப்பு இருக்கக் கூடாது, பசைக்கறை இருக்கக் கூடாது, ஓரம் நைந்திருக்கக் கூடாது. பெட்டியில் ஒட்டாமல், அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தால் முதல் தரம். ஒட்டிப் பிரித்தது என்றால் அடுத்த தரம். கறைபட்டது என்றால் குப்பை.

இந்தக் கணக்கு நம்முடைய தீப்பெட்டிப் படத்துக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

இப்படித் தரம் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளுக்குப் பெரிய அளவில் நடக்கிறது. அட்டையை வாங்கிப் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுப்பதற்கென்றே அங்கே கம்பெனிகள் உண்டு. மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952-ஆம் வருடத்து அட்டை ஒன்று 9.5 மதிப்பெண் வாங்கி, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய்!

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1909 முதல் 1911 வரை அங்கே சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த அட்டைகளில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் படம் மிகவும் அபூர்வம். அதில் 10-க்கு 8 வாங்கிய ஓர் அட்டையைத்தான் உலகத்திலேயே சிறந்தது என்று கொண்டாடினார்கள். 2007-இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. 2013-இல் அதை முன்பு கைமாற்றிய வியாபாரி கோர்ட்டில் ஒப்புக்கொண்டார், ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று. மதிப்பெண்ணுக்காக அசல் பொருளிலேயே கத்தி வைத்துவிட்டார்கள். பிறகு 2022-இல் அதே வாக்னரின் இன்னோர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அது வாங்கியிருந்த மதிப்பெண் 10-க்கு வெறும் 2. ஆகப் பணக்கணக்கிலும்கூட மழமழப்பு மட்டுமே எல்லாம் இல்லை.

நம் கதைக்கு வருவோம். ஒரு காலத்தில் சுவீடனிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி கப்பலில் வந்திறங்கியது. நம் சனங்களைக் கவர நம் சாமி படங்களையே அச்சடித்து அனுப்பினார்கள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதன் பிறகு தீப்பெட்டி நம் பக்கத்துத் தொழிலாயிற்று. பெட்டிக்குப் படம் வேண்டியிருந்தது. அதற்காக அச்சகங்கள் வந்தன. இன்று நாடு முழுவதும் போகும் சிவகாசி காலண்டருக்கும் டைரிக்கும் அதுதான் ஆரம்பம்.

ஒட்டாத படம் என்பது என்ன? அச்சகத்திலோ தொழிற்சாலையிலோ மிஞ்சிப்போன கட்டு. அது எந்தக் கடைக்கும் போகவில்லை, எந்த அடுப்பையும் பற்றவைக்கவில்லை. நேற்று புதிதாக அச்சடித்துக் கொடுத்தாலும் நம்மில் பலருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒட்டிய படம் அப்படி இல்லை. மெல்லிய மரச்சீவலில் செய்து நீலக் காகிதம் சுற்றிய அந்தப் பெட்டிகள் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1934-இல் தீப்பெட்டிக்கு வரி போட்டார்கள். வரி கட்டிய அடையாளமாகப் பெட்டியின் மேல் ஒரு காகிதப் பட்டை ஒட்டப்படும், பேண்ட்ரோல் என்பார்கள். அந்தப் பட்டையின் மிச்சம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், விலை போடுகிறவர் அதை அழுக்கு என்கிறார். எனக்கோ அது சாட்சி. இந்தப் பெட்டி வரி கட்டி, கடைக்கு வந்து, யார் கையிலோ பிரிக்கப்பட்டது என்று சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. பல படங்கள் கோணலாக ஒட்டியிருக்கும். அதை ஒட்டியது மெஷின் இல்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்களும் சிறுபிள்ளைகளும் பெட்டி ஒட்டினார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதனால் வேகம்தான் முக்கியம். அந்தப் பிள்ளைகளின் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளைகளை வைத்தவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கோணலான படத்தைக் குறையுள்ளது என்று தள்ளும்போது, அந்தக் கையின் அடையாளத்தையும் சேர்த்தே தள்ளுகிறோம்.

நாமும் சிறுவயதில் சேர்த்தவர்கள்தான். நாகல் நகர் தெருக்களில் பெட்டிக்கடை வாசலிலும் ஸ்டேஷன் பக்கமும் காலிப் பெட்டி பொறுக்காத பையன் உண்டா? வட்டம் போட்டு, படங்களை அடுக்கி வைத்து, சில்லால் அடித்து வெளியே தள்ளியவனுக்குப் படம் சொந்தம். அந்த விளையாட்டில் நுனி மடியாத படம் ஏது? மடியாமல் இருந்தால் அவன் விளையாடவே இல்லை என்று அர்த்தம்.

சுத்தமான படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய அச்சின் நிறத்தைத் தெரிந்துகொள்ள அது உதவும். கிடைத்தால் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதையே அளவுகோலாக்கி மற்றதையெல்லாம் கழித்துக் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வீட்டில் பழைய படங்கள் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். லாமினேஷன் செய்யாதீர்கள்; சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் திரும்ப எடுக்க முடியாது. ஓரம் கோணலாக இருக்கிறதே என்று கத்தரிக்காதீர்கள். செலோ டேப் வேண்டாம். சில வருடங்களில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். பழைய பசையைத் தேடி ராமபாணப் பூச்சி வரும், ஆகையால் ஈரமில்லாத இடத்தில் வைத்து அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். முழுப் பெட்டியாகவே இருந்தால் படத்தைப் பிரிக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, படத்தின் கீழே தனித்தாளில் பென்சிலால் இரண்டு வரி எழுதி வைப்பது. எந்த ஊர், எந்தக் கடை, ஏறத்தாழ எந்த வருடம், யார் சேர்த்தது. அந்த இரண்டு வரியை எந்தத் தரச் சான்றிதழும் தராது. அதை எழுதத் தெரிந்தவர்கள் நம் தலைமுறையோடு முடிந்துவிடுவார்கள்.

அட்டைப்பெட்டி வந்து படத்தை அதன் மேலேயே அச்சடிக்கத் தொடங்கிய பிறகு, ஒட்டும் படம் என்பதே போய்விட்டது. 2007-இல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆயிற்று. பல வீடுகளில் லைட்டர் வந்துவிட்டதால் அதுவும் எப்போதாவதுதான் வாங்குகிறோம். ஆகவே பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். உள்ளே கறைபட்ட படம் இருந்தால் விலை கேட்காதீர்கள். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது வந்த கதையைச் சொல்லி, அவனையே அந்த இரண்டு வரியை எழுதச் சொல்லுங்கள்.